பனி விழுந்தால் எலி வரும்

டொரதி கல்யாணச் சேலையை அள்ளி இடுப்பில் செருகிக்கொண்டு, பந்தல் கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள். தலையில் குத்தியிருந்த வெள்ளை நெட் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. கால் செருப்பு ஒன்று எப்போதோ போய்விட்டது.

"விட்ராத புள்ள! விட்ராத!" என்று கத்தரீனா அத்தை கத்தினாள். கத்தியவள் தன் பங்குக் கயிற்றை எப்போதோ விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேலே பன்வில மலையே இடிந்து விழுவது போலச் சத்தம். தேயிலைச் சரிவுக்கு மேலாக எழும்பி, ஸ்கூல் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, நேரே பந்தலை நோக்கித் தாழ்ந்தது ஒரு ஹெலிகொப்டர்.

முதலில் கடதாசிப் பூக்கள் பறந்தன. பிறகு மேசை விரிப்புகள். பிறகு கதிரைகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மைதானத்தின் கோடிவரை உருண்டன. கண்டியிலிருந்து வாடகைக்கு எடுத்துவந்து பந்தலுக்குக் கூரையாகக் கட்டியிருந்த நீலத் தறப்பாள் ஒரு பெருமூச்சு விட்டது. கயிற்றை டொரதியின் கையிலிருந்து உருவிக்கொண்டு ஆகாயத்துக்குப் போனது.

"அல்லாஹ்வே! எண்ட புரியாணி!" அலவத்துகொடையிலிருந்து சமைக்க வந்த மக்கீன் நானா கிடாரத்து மூடியின்மேல் குப்புற விழுந்தார். "உசிரு போனாலும் மூடிய உடமாட்டேன்! வாங்கடா பாப்போம்!"

கூடியிருந்த சனம் தேயிலைச் செடிகளுக்குள் பாய்ந்து மறைந்தது. அது தொண்ணூற்றாறாம் வருசம். வடக்கே யுத்தம். ஹெலி வந்தால் எதற்கு வந்தது என்று யாரும் நின்று விசாரிப்பதில்லை.

டொரதி மட்டும் ஓடவில்லை. மைதானத்தின் நடுவே ஒற்றைச் செருப்போடு நின்று, இறங்கும் அந்த இரும்புத் தும்பியை முறைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

இருக்காதா? கல்யாணத்துக்கு இது மூன்றாவது நாள் குறிப்பு. முதல் முறை ஊரடங்கு. இரண்டாம் முறை கொழும்பில் குண்டு வெடித்து, வழியெல்லாம் சோதனைச் சாவடி. இன்றைக்குச் சனிக்கிழமை. வருகிற புதன் விபூதிப் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் கோவிலில் கல்யாணம் கிடையாது. பூசைக்கு வந்திருக்கும் சாமியாரோ மத்தியானத்துக்குள் கண்டிக்குத் திரும்பவேண்டும். மாப்பிள்ளையின் அம்மா நாவலப்பிட்டியிலிருந்து ஏற்கனவே சொல்லியனுப்பியிருந்தாள்: "மூணாவது தரமும் தடை வந்தா அது ஆண்டவர் சொல்றது. நாங்க வேற எடம் பாத்துக்குறோம்."

வேறு இடம் தயாராக இருந்தது என்பதும் டொரதியின் காதுக்கு வந்திருந்தது.

விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. தறப்பாள் ஹெலியின் சறுக்குக் காலில் நன்றாகச் சுற்றிக்கொண்டு கிடந்தது. கதவு திறந்தது. உயரமான ஓர் அதிகாரி, பச்சை நிற விமானிச் சட்டையோடு இறங்கி, சிரித்த முகமாய் ஓரடி எடுத்துவைத்தார்.

டக்!

கனமான சப்பாத்தின் நுனியை ஒரு எலிப்பொறி கவ்விப் பிடித்திருந்தது. பொறியில் கருவாட்டுத் துண்டு இன்னமும் ஆடிக்கொண்டிருந்தது.

செடிகளுக்குள்ளிருந்து எழுபது எண்பது தலைகள் மெல்ல எழும்பின. அதிகாரி காலைத் தூக்கிப் பார்த்தார். பொறியும் கூடவே வந்தது.

"மொகத்த மே?" என்று சிங்களத்தில் கேட்டார். பிறகு டொரதியின் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "என்ன இது?"

"எலிப்பொறி, சேர்."

"அது தெரியும். மைதானத்தில ஏன்?"

"எலி வரும்னு சொன்னாங்க, சேர்." சொல்லி முடிக்கும்போதே அவளுக்குள் ஏதோ ஒன்று 'டக்'கென்று விழுந்தது. அவள் ஹெலியைப் பார்த்தாள். பொறியைப் பார்த்தாள். "ஐயோ மாதாவே..." என்றாள். "எலி!"

---

நடந்தது இதுதான். வியாழக்கிழமை பின்நேரம் டொரதி தோட்டத்து ஒபிஸில் தட்டெழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மறுமுனையில் ஒரு ஆண் குரல். துணியைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. பின்னால் பஸ் சத்தம் வேறு.

"மிஸ், ஒரு வெசயம். சனிக்கெழம பனி விழுந்தா, எலி ஒங்க மைதானத்துக்கு வரும். பந்தல அங்க போடாதீங்க."

"யாருங்க பேசுறது?"

"பெரிய எலி, மிஸ். வெளங்குதா? பெ...ரிய எலி."

அவ்வளவுதான், இணைப்புத் துண்டிக்கப்பட்டது.

வீட்டில் வந்து சொன்னதும் கத்தரீனா அத்தை அதற்கு உடனே அர்த்தம் கண்டுபிடித்தாள். "பின்ன? பனி கொட்டுனா தேயிலக்குள்ள இருக்க எலியெல்லாம் சூடு தேடி அரிசி மூட்டக்கிட்டதான் வரும். யாரோ நல்ல மனுசன் சொல்லியிருக்கான்." பந்தலை மாற்றவில்லை. மாற்றுவதற்குப் பதிலாகத் தோட்டத்து லயங்களில் வீடு வீடாய்ப் போய் இருபது பொறியும், மூன்று பூனைகளும் சேகரித்தாள். அரிசியும் கேக்கும் பெஞ்சுகளின்மேல் ஏறின. பொறிகள் மைதானத்தைச் சுற்றிக் காவலுக்குப் போயின.

மலையகத்தில் பாதிப்பேர் வாயில் 'ஹெலி' என்பதில் ஹ என்றொரு எழுத்து இருப்பதில்லை. அந்த எழுத்துத்தான் இப்போது மைதானத்தின் நடுவே விசிறியோடு நின்றது. பூனைகள் மூன்றும் மாதா சுரூபத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தன.

---

டொரதி திக்கித் திக்கி இதைச் சொல்லி முடித்தபோது அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். அவர் பெயர் விஜேகோன். புதிதாக வந்த விமானிகளுக்கு ஹெலி ஓட்டப் பழக்குபவர். கூட வந்த இளம் விமானி இன்றைக்குத்தான் முதன்முதலாக மலையில் இறங்கியிருக்கிறான். அவனைச் சிவப்புத் துணியோடு ரோட்டை மறிக்க அனுப்பியிருந்தார்.

"சொரி, நங்கி, சொரி," என்று அவளைத் தங்கையாக அழைத்தார். "மேலே இருந்து பாக்க நீலம் மட்டும்தான் தெரிஞ்சது. ஸ்கூல் கூரை எண்டு நினைச்சோம். முதல்ல வேற மைதானத்தில எறங்கத்தான் இருந்தது. அங்க பனி. அதனால..."

"அதனால இங்க," என்று டொரதி தன்னையறியாமல் முடித்தாள்.

விஜேகோனின் சிரிப்பு அப்படியே நின்றது. குனிந்து பொறியைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

"பனி விழுந்தா எண்டு அந்த ஆள் சொன்னதா?"

"ஓங்க, சேர்."

"வியாழக்கிழமை?"

"ஓங்க."

"நங்கி, இது யுத்த காலம். எங்க பறக்கிறது, எங்க எறங்கிறது எண்டு வெளிய ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. பனி இருந்தா இங்க எண்டு தெரிஞ்சது எங்கட தளத்துக்குள்ள மட்டும். உள்ள இருக்கிற ஆள்தான் சொல்லியிருக்கு. தமிழ் பேசுற ஆள்." அவர் பொறியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அந்த ஆள் யார் எண்டு எனக்குத் தெரிய வேணும்."

முகம் தெரியாத அந்த மனிதன் நல்லது செய்யப்போய் மாட்டிக்கொள்வான் போலிருந்தது. அவனை மாட்டிவிட்டது அவள் வாய்.

அப்போதுதான் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்து அவளுடைய அப்பா வலன்ரைன் வந்தார். ஆள் ஒல்லி, குரல் தடிப்பு.

"டொரதி! இங்க வா. காக்கிக்காரங்கிட்ட என்னா பேச்சு?"

"அப்பா, இது பச்ச..."

"எல்லாம் ஒண்ணுதான்!"

வலன்ரைன் தையல்காரர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் வரை கண்டி நகரத்தில் கடை வைத்திருந்தவர். கடை எரிந்த அன்று, எதிர்ப்பக்கம் நின்று வேடிக்கை பார்த்த பொலிஸ்காரர்கள் போட்டிருந்த காக்கிச் சட்டைகள் இரண்டு அவர் கையால் தைத்தவை. ஆட்களின் முகம் மறந்துபோயிற்று, அளவு மறக்கவில்லை. "நெஞ்சு நாப்பது, கை இருபத்தி மூணு," என்று இன்றைக்கும் தூக்கத்தில் முனகுவார். அன்றிலிருந்து அவருடைய மெசினில் காக்கித் துணி ஏறியதில்லை. தபால்காரரின் கால்சட்டை கிழிந்து வந்தபோதுகூட, "தம்பி, வேற நெறத்துல வேல தேடிக்க," என்று திருப்பி அனுப்பியவர். டொரதிக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும் அவர் கேட்ட முதல் கேள்வி படிப்பா சம்பளமா என்பதல்ல. "குடும்பத்துல காக்கி உண்டா?" என்பதுதான்.

நாவலப்பிட்டிக் கஸ்பார் அந்தப் பரீட்சையில் சுலபமாகப் பாஸானான். பொலன்னறுவைப் பக்கம் ஒரு பெரிய அரசாங்கப் பண்ணையில் டிரக்டர் ஓட்டுகிறவன். பெண் பார்க்க வந்தபோது அவன் மொத்தமாகப் பேசியது, "தேத்தண்ணி நல்லாருக்கு." மிச்சப் பேச்சு முழுவதையும் அவன் அம்மா பேசினாள்.

அந்தக் கஸ்பார் எங்கே? நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

பதில் ஓடிவந்தது. மக்கீன் நானாவின் உதவியாள் ரோட்டில் தேயிலைப் பெக்டரி வளைவிலிருந்து மூச்சிரைக்க வந்து சொன்னான்: மாப்பிள்ளை வேன் வந்துவிட்டது. ஆனால் இளம் விமானி சிவப்புத் துணியை ஆட்டி நிறுத்திவிட்டான். ஹெலி எழும்பும்வரை அந்தப் பக்கம் வாகனம் வரக்கூடாதாம்.

"ஹெலி எப்ப எழும்பும்?" என்று டொரதி விஜேகோனைக் கேட்டாள்.

"தறப்பாளைக் கழட்டி, விசிறியைச் சோதிக்கணும். ரெண்டு மணித்தியாலம்."

சாமியார் கோவில் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்புள்ள வீட்டுக்காரங்கள தேயிலைக்குள்ளால எறங்கி நடந்து வரச் சொல்லுவோம்," என்றாள் அத்தை.

"மாப்புள்ளயோட அம்மா நோவுற முழங்கால தூக்கிக்கிட்டு நடக்குறவளா? வேன திருப்பச் சொல்லிருவா!" வலன்ரைன் தலையில் கை வைத்தார். "போச்சு. மூணாவது தரமும் போச்சு."

"அப்பா, அந்தச் சேர்கிட்ட ஒரு வார்த்த கேட்டா..."

"நான் கேக்கமாட்டேன். என் நாக்கு எரிஞ்சிரும்."

"நீங்க கேக்க வேணாம். கல்யாணம் எனக்கு." டொரதி மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பையும் கழற்றி அத்தை கையில் கொடுத்துவிட்டு நடந்தாள்.

அவள் கேட்டதும் விஜேகோன் தாடையைத் தடவினார். "பறக்கிற இயந்திரத்துக்குக் கிட்ட தெரியாத ஆட்கள் வரக்கூடாது. ஆனா கல்யாணம்... சரி. நான் வந்து பாக்கிறேன். சந்தேகம் ஒண்டும் இல்லையெண்டா விடுறேன். வாங்க, நங்கி."

இருவரும் பெக்டரி வளைவை நோக்கி நடந்தார்கள். பனி தேயிலைக்கு மேலே கலைந்துகொண்டிருந்தது. பேசாமல் நடந்தால் அந்தத் தொலைபேசிக் கதை திரும்ப வருமோ என்று டொரதிக்குப் பயம். எதையாவது கேட்டுவைத்தாள்.

"சேர் எங்கயிருந்து வாறீங்க?"

"காட்டுக்குள்ளயிருந்து." அவர் முகம் மலர்ந்துவிட்டது. கேட்க ஆளில்லாமல் இருந்த கதை போலும். "எங்கட தளம் வெள்ளைக்காரன் போட்டது. ரெண்டாம் யுத்தத்தில ஜப்பான்காரனுக்குப் பயந்து, காட்டை வெட்டி ஓடுபாதை போட்டான். யுத்தம் முடிஞ்சது, அவன் போயிட்டான். பிறகு யார் வந்தது தெரியுமா?"

"நீங்களா, சேர்?"

"யானை! ஓடுபாதை நல்ல சூடு. ராத்திரி யானை வந்து அதில நிக்கும். ஊர்ச் சனம் பகல்ல நெல்லுக் காயப்போட்டது. இப்படி ரொம்ப வருசம். அதுக்குப் பிறகுதான் நாங்க. இப்ப அது ஹெலிப் பள்ளிக்கூடம். ஆனா யானை இன்னும் அது தன்ர இடம் எண்டுதான் நினைக்குது. விடிய முதல் வேலை யானையை அனுப்புறது. அதுக்கெண்டே ஒரு ஆள் இருக்கு. அவர் போய் ஹோர்ன் அடிச்சுக் கும்பிட்டு, 'ராசா, போங்க ராசா' எண்டு சொன்னாத்தான் அது போகும். ரெண்டு நாளா அவர் லீவு. ரெண்டு நாளும் நாங்க லேட்!"

டொரதி சிரித்துவிட்டாள். யானையைக் கும்பிட்டு அனுப்புகிற அந்த மனிதனைப் பார்க்கவேண்டும்போல் இருந்தது.

"அப்ப மலைக்கு ஏன் வாறீங்க?"

"சமதரையில எறங்கிறது லேசு. கண்டி மலைக் காத்து பொல்லாதது. மேலயும் தள்ளும், கீழயும் தள்ளும். இங்க எறங்கினா எங்கயும் எறங்கலாம்." அவர் ஒரு கணம் நிறுத்தினார். "இந்தப் பொடியன் முதல் தரமே கல்யாணப் பந்தலில எறங்கிட்டான். இனி அவனுக்கு யார் பொம்பள குடுப்பாங்க?"

வேனின் முன் இருக்கையில் மாப்பிள்ளையின் அம்மா காற்று வாங்க விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் நல்ல சகுனமா? பொண்ணே வெறுங்காலோட வருது பாரு!"

பின் இருக்கையில் கஸ்பார். விஜேகோனைக் கண்டதும் அவன் கையிலிருந்த பூச்செண்டு மெல்ல மெல்ல எழும்பி முகத்தை மறைத்தது.

விஜேகோன் ஜன்னலுக்குள் தலையை நீட்டினார். இரண்டு விரலால் பூச்செண்டைக் கீழே இறக்கினார்.

கஸ்பாரின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாய் நின்றது. விஜேகோன் அவனைப் பார்த்தார். திரும்பி டொரதியைப் பார்த்தார். சட்டைப் பைக்குள் கைவிட்டு எலிப்பொறியைத் தடவினார்.

"இவர்தான் மாப்பிள்ளையா?"

"ஓங்க, சேர்."

"என்ன வேலை?"

கஸ்பார் பூச்செண்டை மறுபடியும் தூக்கப் பார்த்தான். டொரதி முந்திக்கொண்டாள். "பண்ணையில டிரக்டர் ஓட்டுறாங்க, சேர்."

"பண்ணை." விஜேகோன் அந்தச் சொல்லை இனிப்பு உருண்டை மாதிரி வாய்க்குள் உருட்டினார். "ஆ... பண்ணை. நல்ல பண்ணையா இருக்கும்." திரும்பி இளம் விமானியை நோக்கிக் கையசைத்தார். "அரின்ன! விடு, விடு. சந்தேகம் ஒண்டும் இல்லை. எனக்கு ஆளைப் பிடிச்சிருக்கு."

வேன் ஏறி வந்தது. சாமியார் கடைசித் தடவையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். வெறுங்காலோடு டொரதி பீடத்தின்முன் நின்றாள். மோதிரம் மாற்றும்போது கஸ்பார் வேறு விரலில் போடப் பார்த்தான். பரவாயில்லை, இன்றைக்குப் பன்விலையில் எதுவும் சரியான இடத்தில் இறங்கவில்லை.

கோவிலைவிட்டு வெளியே வந்து பார்த்தால் பந்தல் நின்றது. விஜேகோனும் இளம் விமானியும் தறப்பாளை அவிழ்த்து, கழிகளை நட்டு, கதிரைகளை அடுக்கியிருந்தார்கள். ஒரு மூலை கொஞ்சம் கோணல். வலன்ரைன் வந்து பார்த்தார். கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்தார். தையல்காரருக்கு முடிச்சின் தரம் தெரியும்.

"நெஞ்சு நாப்பத்திரெண்டு," என்று விஜேகோனை மேலிருந்து கீழாய் அளந்து முணுமுணுத்தார். பிறகு யாரையும் பார்க்காமல், "சாப்புட்டுட்டுப் போகச் சொல்லு," என்றார்.

மக்கீன் நானா கிடாரத்தின் மூடியைத் திறந்தார். "ஒரு தூசி உழல்ல! நெஞ்சக் குடுத்துக் காப்பாத்தின புரியாணி. சேர், ஒங்களுக்கு ரெண்டு எறச்சி கூட ஈக்கி. ஆனா இனிமே வாறதெண்டா ரோட்டால வாங்க!"

சாப்பிட்டு, கை கழுவி, ஹெலி கிளம்புமுன் விஜேகோன் மணமக்களிடம் வந்தார். எலிப்பொறியை எடுத்துக் கஸ்பாரின் கையில் வைத்தார். "கல்யாணப் பரிசு," என்றார். "திங்கக்கிழமை வரைக்கும் உங்களுக்கு லீவு போதாது. ஒரு கிழமை எடுங்க. பண்ணைக்கு நான் சொல்றேன்."

இந்தமுறை எல்லோரும் சேர்ந்து பந்தலைப் பிடித்துக்கொண்டார்கள். வலன்ரைனும் ஒரு கழியைப் பிடித்திருந்தார். ஹெலி எழும்பி, தேயிலைக்கு மேலாகச் சாய்ந்து, மலைக்கு அப்பால் மறைந்தது.

டொரதி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் ஏன் பண்ணைக்குச் சொல்லவேண்டும்? அந்த ஆளைத் தேடுவதாகச் சொன்னவர் ஏன் மறுபடியும் அதைப்பற்றி மூச்சே விடவில்லை?

பக்கத்தில் கஸ்பார் பந்தலின் கோணல் மூலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"அங்க போடாதீங்கன்னு அவ்வளவு சொன்னேனே, மிஸ்."

டொரதி மெதுவாகத் திரும்பினாள். துணி பொத்தாத அந்தக் குரல் இப்போது நன்றாகக் கேட்டது.

"நீங்களா?"

"நாவலப்பிட்டித் தபால்கந்தோர்ல, லேஞ்சித் துணிய வாயில அடச்சிக்கிட்டு. ஹெலின்னு சொன்னா லைன்ல ஒட்டுக் கேக்குறவங்க பிடிச்சிக்கிட்டுப் போயிருவாங்க. அதான் எலின்னேன். படிச்ச புள்ள, புரிஞ்சிக்கும்னு நெனச்சேன். நீங்க பொறி வச்சிருக்கீங்க!"

"சிரிக்காதீங்க. அப்ப அந்தப் பண்ண?"

"டிரக்டர்தான் ஓட்டுறேன், சத்தியமா. ஓடுபாதையில. வெடியக்கால போயி, ஹோர்ன் அடிச்சி, 'ராசா, போங்க ராசா'ன்னு கும்புட்டு அனுப்புறது நாந்தான்." கஸ்பார் பந்தலின் மறுகோடியில் நின்ற மாமனாரை ஓரக்கண்ணால் பார்த்தான். குரலை இன்னும் தாழ்த்தினான்.

"மாமா காக்கிதானே வேணாம்னு கேட்டாங்க, மிஸ்? எங்களுக்குக் குடுத்துருக்க சட்ட நீலம்."